எதிர்த்தரப்பில் அரசாங்கமே நின்றால்?

பக்கத்து நிலத்துக்காரர் எல்லைக் கல்லைப் பிடுங்கி, உங்கள் நிலத்துக்குள் நாலடி தள்ளி நட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வழக்குப் போடுகிறீர்கள். நீதிபதிக்கு உங்களையும் தெரியாது, அவரையும் தெரியாது. பத்திரங்களைப் பார்க்கிறார், நிலத்தை அளக்கச் சொல்கிறார், தீர்ப்பு எழுதுகிறார். இந்த வழக்கில் நடுநிலையாக இருப்பது அவருக்குப் பெரிய கஷ்டம் இல்லை. யார் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். நிலத்தை எடுத்துக்கொண்டது பக்கத்துக்காரர் இல்லை, அரசாங்கம். சாலை போட வேண்டும் என்று எடுத்துக்கொண்டது, இழப்பீடும் தரவில்லை. அதே நீதிமன்றம், அதே நீதிபதி. ஆனால் அவருக்குச் சம்பளம் வருவது உங்கள் எதிர்த்தரப்பின் கஜானாவிலிருந்து. அவர் உட்கார்ந்திருக்கும் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்ததும் எதிர்த்தரப்புதான். அவர் நியமனத்திலும், நாளைக்கு அவருக்குக் கிடைக்கப்போகும் பதவி உயர்விலும் எதிர்த்தரப்பின் கை இருக்கலாம். இத்தனையும் தாண்டி உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தாலும், அதை நிறைவேற்ற வேண்டிய போலீசும் அதிகாரிகளும் எதிர்த்தரப்பின் ஆட்கள்.

நீதித்துறைச் சுதந்திரம் என்று பேசுவதில் முக்கால்வாசி இந்த இரண்டாவது வழக்கைப் பற்றியதுதான். இது எப்போதாவது வரும் வழக்கும் இல்லை. குற்ற வழக்குகள் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டும் தரப்பு அரசு. வரி, பென்ஷன், லைசென்ஸ், பாஸ்போர்ட், அரசு வேலை என்று எதை எடுத்தாலும் மறுபக்கம் நிற்பது அரசு. நீதிமன்றத்துக்கு மிக அதிகமாக வரும் வாடிக்கையாளர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அரசாங்கத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கோவலன் கதையை இந்தக் கோணத்தில் யோசித்துப் பாருங்கள். புகாரைக் கேட்டவன் அரசன். ஆட்களை அனுப்பியவனும் அவனே, தண்டனை சொன்னவனும் அவனே. பொற்கொல்லன் சொன்னது பொய்யாக இருக்குமோ என்று கேட்க வேண்டிய இடத்தில் வேறு யாரும் இல்லை. கண்ணகி முறையிட வந்ததும் அதே அரசனிடம்தான், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. பாண்டியன் கெட்டவன் இல்லை, தவறு தெரிந்ததும் உயிரையே விட்டான். ஆனால் கோவலன் திரும்பி வரவில்லையே.

சட்டம் இயற்றுபவர், அதைச் செயல்படுத்துபவர், அதன்படி தீர்ப்புச் சொல்பவர் ஆகிய மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதைத் தெளிவாக எழுதி உலகத்துக்குப் பரப்பியவர் மாண்டெஸ்கியூ என்ற பிரெஞ்சுக்காரர், 1748இல். பள்ளிப் பாடத்தில் ‘அதிகாரப் பிரிவினை’ என்று படித்திருப்பீர்கள். அதை இங்கே திரும்ப விளக்கப்போவதில்லை. எனக்குச் சுவாரசியமாகப் படுவது, அதற்கு முன்பே இங்கிலாந்தில் நடந்த ஒரு சண்டை.

அங்கே முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு ஓர் ஆசை. வழக்குகளைத் தானே விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ‘சட்டம் அறிவின் அடிப்படையில்தானே இருக்கிறது, எனக்கும் அறிவு இருக்கிறதே’ என்று கேட்டார். எட்வர்டு கோக் என்ற தலைமை நீதிபதி பணிவாக மறுத்தார். மன்னருக்கு இயற்கையான அறிவு நிறையவே உண்டு, ஆனால் சட்டம் என்பது நீண்ட படிப்பாலும் அனுபவத்தாலும் வரும் தனி அறிவு என்றார். அப்படியானால் நான் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்கிறாயா என்று மன்னர் சீறினார். ஆமாம், கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவர் என்று தான் பதில் சொன்னதாகக் கோக் எழுதி வைத்திருக்கிறார். (எழுதியது கோக் என்பதால் அவர் பக்கம் கொஞ்சம் வீரம் கூடியிருக்கலாம்.) அப்புறமும் மன்னரோடு மோதல் தொடர்ந்தது. 1616இல் மன்னர் அவரைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டார். காரணம் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அன்றைக்கு நீதிபதிகள் ‘மன்னருக்கு விருப்பமுள்ள வரை’ பதவியில் இருப்பவர்கள்.

அந்த மூன்று சொற்களை மாற்ற இங்கிலாந்துக்கு இன்னும் 85 ஆண்டுகள் ஆயின. 1701இல் வந்த ஒரு சட்டம், நீதிபதிகள் ‘நன்னடத்தை உள்ள வரை’ பதவியில் இருப்பார்கள், நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் கேட்டுக்கொண்டால்தான் நீக்க முடியும் என்றது. ஆனால் கடல் தாண்டி இருந்த குடியேற்றங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 1776இல் அமெரிக்கர்கள் விடுதலைப் பிரகடனம் எழுதியபோது மன்னர் மீது அடுக்கிய புகார்களில் இதுவும் ஒன்று: நீதிபதிகளின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் தன் விருப்பம் ஒன்றையே நம்பியிருக்கும்படி வைத்திருக்கிறார். பின்னால் அவர்கள் எழுதிய அரசியலமைப்பில், நீதிபதி பதவியில் இருக்கும்வரை அவர் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். படிக்கும்போது அற்பமான விதி மாதிரித் தெரியும். பதவியும் சம்பளமும் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் தீர்ப்பும் இருக்கும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எழுதிய விதி அது.

நியமனத்துக்கு வருவோம். நீதிபதிகளை யார் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் உலகத்தில் ஒரு வழிதான் சரி என்று எதுவும் கிடையாது. அமெரிக்காவில் அதிபர் பெயரைச் சொல்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, பிறகு ஆயுள் முழுக்கப் பதவி. இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலிஜியம் பெயர்களைப் பரிந்துரைக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 வயதில் ஓய்வு. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் பாதிப் பாதியாக, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தேர்ந்தெடுக்கின்றன. 12 ஆண்டுகள், ஒரே ஒரு முறை, நீட்டிப்பு கிடையாது.

எனக்கு ஜெர்மன் முறை பிடிக்கும். காரணம் எளிமையானது. மறு நியமனம் உண்டு என்றால், பத்தாவது ஆண்டிலிருந்தே நீதிபதி யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று கணக்குப் போடத் தொடங்குவார். மறுவாய்ப்பே இல்லை என்றால் அந்தக் கணக்கு தேவையில்லை. அரசியல்வாதிகள் தேர்ந்தெடுப்பதே தப்பு என்று சிலர் நினைப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, உட்கார வைத்தவரிடம் அவர் எதிர்பார்க்கவோ பயப்படவோ ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். இதே அளவுகோலில், ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு நீதிபதிக்கு அரசு பெரிய பதவி கொடுத்தால் மனம் உறுத்துகிறது. அவர் உத்தமராகவே இருக்கலாம். அடுத்து ஓய்வு பெறப்போகிறவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாரே!

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொன்று, எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போகிறது என்பது. நூறு நேர்மையான நீதிபதிகள் இருக்கும் நீதிமன்றத்தில் ஒரே ஒருவர் வளைந்து கொடுப்பவர் என்றால், முக்கியமான வழக்குகளை எல்லாம் அவரிடமே அனுப்பினால் போதும், மற்ற 99 பேரின் நேர்மையால் பயன் இல்லை. ஜெர்மன் அரசியலமைப்பு இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது: சட்டப்படி தனக்குரிய நீதிபதியிடமிருந்து யாரையும் விலக்கி வேறிடம் அனுப்பக் கூடாது. அங்கே வழக்குகள் எப்படிப் பங்கிடப்படும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். அரசிடமிருந்து மட்டும் சுதந்திரம் இருந்தால் போதாது. சில சமயம் தனக்கு மேலே இருக்கும் நீதிபதியிடமிருந்தும் வேண்டும். கூச்சல் போடும் கூட்டத்திடமிருந்தும், பணத்திடமிருந்தும், தொலைக்காட்சி விவாதத்திடமிருந்தும்கூட.

தேர்ந்தெடுக்கப்படாதவருக்கு ஏன் இந்த அதிகாரம்?

சரி, இவ்வளவு பாதுகாப்புக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோமே, இவர்கள் செய்வது என்ன? தகராறுகளைத் தீர்ப்பது ஒன்று. சட்டத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால் எது என்று சொல்வது இன்னொன்று. மூன்றாவதுதான் சர்ச்சைக்குரியது. அரசு செய்த ஒரு காரியம், ஏன், நாடாளுமன்றம் இயற்றிய சட்டமேகூட அரசியலமைப்புக்கு முரணாக இருந்தால் செல்லாது என்று அறிவிப்பது. நீதிப்புனராய்வு என்பார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1803இல் மார்பரி வழக்கில் இந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. அரசியலமைப்பில் வெளிப்படையாக அப்படி எழுதியிருக்கவில்லை. எழுதிய சட்டங்களுக்குள் எது மேலே, எது கீழே என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலைதானே என்ற தர்க்கத்தில் நின்றது அந்தத் தீர்ப்பு.

இந்த இடத்தில் எவருக்கும் ஒரு கேள்வி வரும், வர வேண்டும். கோடிக்கணக்கானவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் இயற்றிய சட்டத்தை, ஒருவரும் ஓட்டுப் போடாத சில நீதிபதிகள் தூக்கி எறிவது எப்படி ஜனநாயகம் ஆகும்? நியாயமான கேள்வி. இதைக் கேட்பவர்களை ஜனநாயக விரோதிகள் என்று சொல்லிவிட முடியாது.

பதிலின் ஒரு பகுதி மலாவியில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் உள்ள அந்தச் சிறிய நாட்டில் 2019இல் அதிபர் தேர்தல் நடந்தது. முடிவுத் தாள்கள் பலவற்றில் எண்களை வெள்ளைத் திரவம் பூசி அழித்துத் திருத்தியிருந்தார்கள். பதவியில் இருந்த அதிபரே ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. வழக்கு நடந்தது. 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத உடுப்பு அணிந்து, ராணுவப் பாதுகாப்போடு நீதிமன்றத்துக்கு வந்து, அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஜூன் மாதம் மறுதேர்தல் நடந்தது, எதிர்க்கட்சி வேட்பாளர் வென்றார். பெரும்பான்மையின் விருப்பம்தான் ஜனநாயகம் என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பான்மை யாருக்குப் போட்டது என்று எண்ணியதில் தகராறு வந்தால் யாரிடம் போவது? ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்பவரிடமா?

நாடாளுமன்றத்துக்கு எதிராக நீதிமன்றம் என்ற சித்திரமும் எப்போதும் சரியாக வராது. 2019இல் பிரிட்டனில் பிரதமரின் ஆலோசனைப்படி நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஐந்து வாரங்களுக்கு முடக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். மறுநாளே நாடாளுமன்றம் கூடியது. முந்தைய ஆண்டின் கடைசியில் இலங்கையிலும் ஏறக்குறைய இதுவே நடந்தது. நாடாளுமன்றத்தின் காலம் முடியும் முன்பே அதிபர் அதைக் கலைத்தார். உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று ஒருமனதாகச் சொன்னது. இரண்டு இடத்திலும் ஓட்டு வாங்கி வந்தவர்களின் அவையைக் காப்பாற்றியது ஓட்டு வாங்காத நீதிபதிகள்.

ஆனாலும் கேள்வி முழுதாகத் தீரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த வரி எவ்வளவு, எந்த ஊருக்கு முதலில் பாலம் என்பதை எல்லாம் நீதிபதிகள் தீர்மானிக்கத் தொடங்கினால், அவர்கள் செய்வது நல்ல காரியமாகவே இருந்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தப்பாகப் போனால் ஐந்தாண்டு கழித்து அவர்களை மாற்ற நம்மிடம் ஓட்டு இல்லை. எல்லை எங்கே என்பதில் நீதிபதிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. ஒரே வழக்கில் ஐந்துக்கு நான்கு என்று பிரிவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கையில் இருப்பது வெறும் காகிதம்

அமெரிக்க அரசியலமைப்பு விவாதத்தில் இருந்த காலத்தில், 1788இல், அலெக்சாண்டர் ஹாமில்டன் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். வாள் ஆட்சியாளரிடம் இருக்கிறது. பணப்பை சட்டமன்றத்திடம் இருக்கிறது. நீதிமன்றத்திடம் இரண்டும் இல்லை, தீர்ப்பு மட்டும்தான். நீதிபதி எழுதுவது சில பக்கக் காகிதம். அதற்கு அரசாங்கம் ஏன் கட்டுப்பட வேண்டும்?

இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறவாரியாகப் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது என்றது. மூன்று ஆண்டுகள் கழித்தும் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய முடியவில்லை. மாநில ஆளுநரே காவல் படையை நிறுத்தித் தடுத்தார். கடைசியில் அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார், துப்பாக்கி ஏந்திய வீரர்களுக்கு நடுவே பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள்.

இன்னொன்று தென்னாப்பிரிக்கா, 1995. நிறவெறி ஆட்சி முடிந்து, புதிய அரசியலமைப்பு நீதிமன்றத்தை அந்த ஆண்டு பிப்ரவரியில் திறந்து வைத்தவர் அதிபர் நெல்சன் மண்டேலா. சில மாதங்களில், உள்ளாட்சித் தேர்தல் தொடர்பாக அவர் பிறப்பித்த ஆணைகளை எதிர்த்து அங்கேயே வழக்கு வந்தது. வழக்குப் போட்டது மேற்கு கேப் மாகாண அரசு. அதை நடத்திக்கொண்டிருந்தது, நிறவெறியைக் கட்டி ஆண்ட பழைய கட்சி. நீதிமன்றம் மண்டேலாவின் ஆணைகள் செல்லாது என்றது. தார்மீக பலம், மக்கள் ஆதரவு, உலகத்தின் மதிப்பு எல்லாம் அவர் பக்கம். எதிரே இருந்தது யார் என்றும் பாருங்கள். அவர் தீர்ப்பை ஏற்கிறேன் என்று வெளிப்படையாக அறிவித்தார். அங்கே ராணுவம் தேவைப்படவில்லை.

நீதிமன்றத்தைப் பிடிக்காத ஆட்சியாளர் இன்று அதைப் பூட்டுப் போட்டுப் பூட்டுவதில்லை. சின்னச் சின்னச் சட்டத் திருத்தங்கள் போதும். 1937இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், தன் பொருளாதாரச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் ஒவ்வொன்றாக ரத்துச் செய்வதைப் பார்த்துக் கடுப்பானார். 70 வயது தாண்டியும் ஓய்வு பெறாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஈடாக ஒரு புதியவரை, அதிகபட்சம் ஆறு பேர் வரை, நியமிக்க அனுமதி கேட்டார். முதியவர்களின் வேலைப் பளுவைக் குறைக்கத்தான் என்று காரணமும் சொன்னார். யாரும் நம்பவில்லை. முந்தைய ஆண்டு மாபெரும் வெற்றி பெற்றிருந்தவர், செனட்டில் அவர் கட்சிக்குப் பிரம்மாண்டமான பெரும்பான்மை. இருந்தும் சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்து அந்த மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள்.

2018இல் போலந்து அரசு வேறு வழியில் போனது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 65ஆகக் குறைத்தது, ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. சுமார் மூன்றில் ஒரு பங்கு நீதிபதிகள் ஒரே வீச்சில் வீட்டுக்குப் போக வேண்டிய நிலை. தொடர விரும்பினால் அதிபரிடம் அனுமதி கேட்கலாம். இந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது, பழைய ‘மன்னருக்கு விருப்பமுள்ள வரை’ வேறு உடையில் வந்திருக்கிறது. தலைமை நீதிபதி கெர்ஸ்டோர்ஃப் அதை ஏற்க மறுத்து, வழக்கம்போல வேலைக்கு வந்தார். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அரசு பின்வாங்கியது. 2019 ஜூனில் இறுதித் தீர்ப்பும் போலந்து அரசுக்கு எதிராகவே வந்தது.

அப்படியானால் நீதிபதி யாருக்குமே பதில் சொல்ல வேண்டாமா என்று கேட்கலாம். சொல்ல வேண்டும். விசாரணை பொதுவாகத் திறந்த அறையில்தான் நடக்க வேண்டும். தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணங்களை மேல்முறையீட்டில் பிரித்து மேயலாம். தனக்குச் சம்பந்தமுள்ள வழக்கிலிருந்து விலக வேண்டும். ஊழல் செய்தால் பதவி நீக்க நடைமுறை உண்டு. பிடிக்காத தீர்ப்பு எழுதினார் என்பதற்காக மட்டும் அவர் மேல் கை வைக்க முடியாது.

இத்தனை ஏற்பாடும் இருந்தும் நீதிமன்றம் தோற்றுப் போவது உண்டு. இந்தியாவில் நெருக்கடிநிலைக் காலத்தில் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள், தங்களை அடைத்து வைத்தது சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். பல உயர் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்றன. அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஐந்து நீதிபதிகள் அமர்வு. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர்.கன்னா அரசு வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட, நெருக்கடிநிலையில் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா? கிடையாது என்று பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் வாதத்தை ஏற்றார்கள். கன்னா மட்டும் மாறுபட்டு எழுதினார். பணிமூப்புப்படி அடுத்த தலைமை நீதிபதி அவர்தான். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி, அந்த நால்வரில் ஒருவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார்.

1978இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமைக்காக நீதிமன்றம் போவதை நெருக்கடிநிலையிலும் தடுக்க முடியாது என்று ஆக்கியது. நீதிமன்றம் தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்ள 2017 ஆனது. அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1976 தீர்ப்பைத் தவறு என்று ஒதுக்கித் தள்ளியது. அதை விரிவாக எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட். 1976இல் பெரும்பான்மையோடு நின்ற நால்வரில் ஒருவரான ஒய்.வி.சந்திரசூட் அவருடைய அப்பா. உள்ளே கிடந்தவர்களில் பலர் அதற்கெல்லாம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1977இல் தேர்தல் அறிவிக்கப்பட்ட சமயத்தில், வெளியே வந்திருந்தார்கள். சிறைக் கதவைத் திறந்தது தேர்தல்தான், நீதிமன்றம் இல்லை.